முன்னங்காலுக்கு இருபத்தொரு நாள்

சிமெண்டுக் குதிரையின் கால் உடைந்து பேச்சியின் தோளில் விழுந்தது. கோயில் கமிட்டித் தலைவர் ஓடிவந்து முதலில் கேட்டது, "எந்தக் கழுதை ஒழுங்காத் தண்ணி ஊத்தலை?" இன்று நினைத்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை. சுதை வேலைக்கு வருகிறவர்கள் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நரிக்குடிப் பக்கம் ஓர் ஊரில் அய்யனாருக்குப் பன்னிரண்டடிக் குதிரை. முன்னங்கால் இரண்டும் தூக்கி நிற்க வேண்டும். கம்பிக் கூடு கட்டி, கோழிவலை சுற்றி, அதன்மேல் சிமெண்டும் சலித்த மணலும் ஒன்றுக்கு மூன்று. தூக்கிய காலுக்கு அடியில் சவுக்குக் கட்டையை முட்டுக் கொடுத்தோம். சிமெண்டு இறுகும்வரை, இருபத்தொரு நாள் ஈரச் சாக்கு சுற்றி மூன்று வேளையும் தண்ணீர் ஊற்ற வேண்டும். அது பேச்சியின் பொறுப்பு. பாளையம்பட்டிக்காரி, பதினைந்து வருடமாக என்னோடு கலவை போடுகிறாள்.

பத்தாம் நாள் தலைவர் வந்தார். குதிரைக்குப் பணம் கொடுத்த உபயதாரர் துபாய்க்குக் கிளம்புகிறாராம், அதற்குள் குதிரையோடு படம் எடுக்க வேண்டுமாம்.

"மேஸ்திரி, கட்டையோட பாத்தா நொண்டிக் குதிரை மாதிரி இருக்கு. எடுத்துருங்க."

"இன்னும் பதினோரு நாள் கெடக்கு தலைவரே. எடுத்தா நிக்காது."

"கம்பி போட்டிருக்கீகள்ல, பெறகென்ன?"

முடியாது என்று சொல்லிவிட்டு, மறுநாள் பெயிண்டு வாங்க அருப்புக்கோட்டை போனேன். கடையில் நிற்கும்போதே பேச்சி போன் செய்தாள். "அண்ணே, கட்டையப் புடுங்கிட்டாக. சாக்கையும் உரிச்சிட்டாக. குதிரைக்கு ஊத்த வச்சிருந்த டேங்கர் தண்ணியப் புழுதி அடங்கத் தரையில தெளிக்கிறாக. சொன்னா, ஓஞ் சோலியப் பாருங்கிறாக."

அடுத்த பஸ் ஏறினேன். நான் போய்ச் சேர்ந்தபோது, படம் எடுத்தவர்கள் போய்விட்டிருந்தார்கள். குடிக்க வைத்திருந்த குடத்துத் தண்ணீரில் சாக்கை நனைத்துக் குதிரையின் காலில் கட்டிக்கொண்டிருந்தாள் பேச்சி. விலகு என்று நான் கத்துவதற்குள் முழங்காலுக்குக் கீழே காரை கம்பியை விட்டுக் கழன்று விழுந்தது. பேச்சியின் தோள் வீங்கியது, எலும்பு தப்பியது.

அப்போதுதான் தலைவரின் அந்தக் கழுதைக் கேள்வி. அதோடும் விட்டாரா? "அந்தப் பொம்பளைய அனுப்பிட்டு வேற ஆளப் போடுங்க" என்றார். கட்டையைப் பிடுங்கியது யார் என்று கேட்டேன்.

"அவ போனா நானும் போறேன். குதிரைய நீங்களே கட்டிக்கங்க" என்றேன். வேறு வழியில்லாமல் அவளை இருக்க விட்டார்கள்.

உடைந்த காலை மறுபடி கட்டி, கட்டையையும் முட்டுக் கொடுத்தோம். இருபத்தொரு நாளும் தோள் வலியோடு அவள்தான் தண்ணீர் ஊற்றினாள்.

கண் திறக்கும் நாள் வந்தது. கண் எழுதாதவரை அது வெறும் சிமெண்டு, மாலையும் கிடையாது, பொங்கலும் கிடையாது. சாரத்தில் ஏறி, பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தேன்.

"நேரம் போகுது மேஸ்திரி."

"பேச்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க தலைவரே, எழுதிர்றேன்."

ஊரே பார்த்தது. அவர் என்னவோ முணுமுணுத்தார்.

"குதிரைக்குக் கேக்கலை" என்றேன்.

"கட்டையப் புடுங்கச் சொன்னது நாந்தேன். தப்புதேன் தாயி."

பேச்சி சாரத்துக்குப் பக்கத்தில் வந்தாள். குதிரைக் காலைச் சுண்டிப் பார்த்துவிட்டு, "இப்ப எடுக்கலாம்ணே" என்றாள். கட்டையை எடுத்தோம். கால் நின்றது. கண்ணை எழுதினேன்.

கட்டை எடுக்கும் நாளைக் கமிட்டியிடம் கேட்காதீர்கள். தண்ணீர் ஊற்றியவளிடம் கேளுங்கள்.