பனிக்காரி விளையாட்டு

குருவம்மாள் ஒரு காலத்தில் கைவேகமான கொழுந்துக்காரி. மூணாற்றுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில், மழை நாளொன்றில் சரிவில் வழுக்கி விழுந்து முட்டி பெயர்ந்தது. "சரி, பிள்ளைகளையாவது மேய்க்கட்டும்" என்று அவளைக் காப்பகத்து ஆயாவாகப் போட்டுவிட்டார்கள். கொழுந்து கிள்ளப் போகும் தாய்மார் காலையில் பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டுப் போவார்கள். பிள்ளை மேய்ப்பது லேசான வேலை என்று சொன்னவர்கள் ஒரு பொழுதாவது அங்கே உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

காப்பகத்தின் பின்வாசலை ஒட்டியே தேயிலைக்காடு சரிந்து இறங்கும். சரிவின் அடியில் ஓடை. பனி மூடிவிட்டால் நீட்டிய கை தெரியாது. ஆனால் காட்டில் நிற்கும் பெண்களின் பேச்சு மட்டும் காதோரம் கேட்கும். அம்மா குரல் காதில் விழுந்ததும் பிள்ளை அவிழ்த்துவிட்ட கன்றாக ஓடும். 1973 மழைக்காலத்தில் அப்படி ஓடிய ஒரு பிள்ளையை ஓடையிலிருந்து தூக்கி வந்தார்கள். உயிர் இருந்தது, அவ்வளவுதான். அன்றைக்குக் குருவம்மாள் சோறு தின்னவில்லை.

அதற்குப் பிறகுதான் பனிக்காரி பிறந்தாள். தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டும் ஈயத்தாளை அட்டையில் ஒட்டி முகம் செய்தாள் குருவம்மாள். சாக்கு நூலில் முடி, அடுப்புக்கரியில் கண். பல்லுக்குப் பூசணி விதை. ஒவ்வொரு பிள்ளையும் ஒன்று, இரண்டு என்று எண்ணைச் சொல்லி, மைதாப் பசையில் ஒரு பல்லை ஒட்ட வேண்டும். எண்ணும் படித்த மாதிரி, பிள்ளைகள் இருந்த இடத்தில் இருந்த மாதிரி. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். வேடிக்கையான கிழவி முகம் வரும் என்றுதான் அவள் நினைத்தாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. சுவரில் மாட்டிய பிறகு அதற்கு முதுகைக் காட்டி உட்கார அவளுக்கே மனம் வரவில்லை.

கதை சின்னதுதான். பனிக்காரிக்குச் சொந்தக் குரல் கிடையாது. பனி இறங்கினால் அம்மா குரலைத் திருடிக்கொண்டு வந்து பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். பதில் சொன்ன பிள்ளை அவளுக்கு. அதனால் பனியில் யார் கூப்பிட்டாலும் இருந்த இடத்திலேயே உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும். குருவம்மாள் முகத்தை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு தாயின் குரலிலும் கூப்பிடுவாள். அந்தக் குரல் வித்தை அவளுக்குப் பிறவியிலேயே வாய்த்தது. கடைசியில் முகத்தைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு தலையாகத் தொடுவாள். தலையைத் தொட்டால்தான் ஆட்டம் முடிந்தது, வாயைத் திறக்கலாம்.

அதற்கப்புறம் ஒரு பிள்ளையும் ஓடவில்லை. குருவம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த வருஷம் ஒரு மத்தியானம், கைக்குழந்தை ஒன்றுக்கு அவள் பால் புகட்டிக்கொண்டிருந்த நேரம், நாலு வயது ஞானஜோதி ஒன்றுக்குப் போகப் பின்வாசல் வழியாக வெளியே போனாள். அந்த இடைவெளியில் பனி இறங்கிவிட்டது. குருவம்மாள் எட்டிப் பார்த்தபோது வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. அவள் போட்ட கூச்சலில் மலையே கூடிவிட்டது. ஞானஜோதியின் தாய் சின்னத்தாய் கூடையை எறிந்துவிட்டு ஓடிவந்தாள்.

"ஏட்டி ஞானம்... எங்கட்டி இருக்க? அம்மா வந்திருக்கேன்ட்டி..."

அந்தக் குரல் காப்பகத்துக்குள்ளும் கேட்டது. குருவம்மாள் தற்செயலாகத் திரும்பினாள். உள்ளே இருந்த அத்தனை பிள்ளைகளும் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றுகூட அசையவில்லை. கண்கள் மட்டும் அவளையே பார்த்தன.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பிள்ளை தொலைந்துபோகவில்லை. எங்கேயோ உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறது. தாய் கூப்பிடக் கூப்பிட இன்னும் இறுக்கி வாயைப் பொத்தும். பயந்து நகர்ந்தால் கீழே ஓடை.

அவள் நொண்டிக்கொண்டே ஓடிச் சின்னத்தாயின் வாயைப் பொத்தினாள்.

"கூப்பிடாத தாயி. கூப்பிட்டா வரமாட்டா. நாந்தான் வரக்கூடாதுன்னு சொல்லிக் குடுத்திருக்கேன்."

சின்னத்தாய் கையைத் தட்டிவிட்டாள். "பெத்தவ கூப்பிடாம வேற யாரு கூப்பிடுறது?"

குருவம்மாள் எல்லாவற்றையும் சொன்னாள். கங்காணி மொக்கையன் கேட்டுவிட்டுக் காறித் துப்பினார். "பேய்க்கதை சொல்லியா புள்ள வளக்குற? அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஒன்னயச் சும்மா விடமாட்டேன்." ஆனாலும் வேறு வழி அவருக்கும் தெரியவில்லை. யாரும் வாய் திறக்கக் கூடாது என்று சைகை காட்டினார்.

பெண்கள் கொழுந்து கிள்ளுவதைப் போலவே ஆளுக்கொரு செடி நிரை பிடித்து நின்றார்கள். கூடை இல்லை, பேச்சு இல்லை. ஒவ்வொரு செடியின் அடியிலும் கையை விட்டுத் துழாவிக்கொண்டே இறங்கினார்கள். பக்கத்து நிரையில் யார் வருகிறார்கள் என்பது இலை உரசும் சத்தத்தில்தான் தெரிந்தது. குருவம்மாள் தனக்கும் ஒரு நிரை எடுத்துக்கொண்டாள். முட்டி உயிரை எடுத்தது. ஞானம் என்று ஒரே ஒரு தரம் கூப்பிடலாமா என்று நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். அவளுக்கு வலமும் இடமும் வந்த இரண்டு பெண்களும் அவள் வாயே திறக்கவில்லை என்று பிறகு சாட்சி சொன்னார்கள்.

ஓடைச் சத்தம் நெருங்கிவிட்ட இடத்தில், சின்னத்தாயின் விரலில் நனைந்த தலைமுடி தட்டுப்பட்டது. செடிக்கடியில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள் ஞானஜோதி. வாய் பொத்திய கைகளைத் தாயாலும் பிரிக்க முடியவில்லை. குருவம்மாள் வந்து தலையைத் தொட்டதும்தான் கை இறங்கியது.

"எம்புட்டு நேரம் கூப்பிட்டேன்," என்று சின்னத்தாய் அழுதாள்.

"கேட்டுச்சு. நீயில்லன்னு நெனச்சேன்." பிள்ளை குருவம்மாளை ஏறிட்டுப் பார்த்தது. "ஆயாவும் கூப்பிட்டாக. இங்கன பக்கத்துல உக்காந்து, கீழ தண்ணிக்கு வா, வெளாட்டு முடிஞ்சு போச்சுன்னு. தலையத் தொடல. அதான் பேசல."

மொக்கையன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். எல்லோரும் ஒட்டி ஒட்டி நடந்து மேலே வந்தார்கள். ஒருவர் பின்னால் ஒருவராக வரக்கூட யாருக்கும் துணிவில்லை.

மறுநாள் காலை குருவம்மாள் அந்த முகத்தை அடுப்பில் வைக்க எடுத்திருந்தாள். பிள்ளையை விட வந்த சின்னத்தாய் அதைப் பார்த்துவிட்டு அவள் கையைப் பிடித்தாள்.

"வேண்டாங்க்கா. அந்த வெளாட்ட நிறுத்திராதீக."

"என்னத்தா சொல்ற? ஒம் பிள்ளயக் கொல்லப் பாத்த வெளாட்டு அது."

சின்னத்தாய் பனி இறங்கிக்கொண்டிருந்த பின்வாசலைப் பார்த்தாள். பிறகு பிள்ளைக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னாள்.

"இனிமே எங்க கொரல மட்டும் போட்டுக் காட்டுனாப் பத்தாது. ஒங்க கொரலுக்கும் பேசக்கூடாதுன்னு சொல்லிக் குடுங்க."