வெளியே கொண்டுபோகிற டிஸ்க்

ஷைஜாவின் தெருவில் ஒருவன் 'வெளியே' போயிருக்கிறான் என்றால் டீ குடிக்கப் போயிருக்கிறான் என்று யாரும் நினைக்கமாட்டார்கள். துபாய், கத்தார், குவைத், ஏதோ ஒன்று. மணவாளக்குறிச்சியில் பாதி வீட்டுக்காரர்கள் அப்படித்தான். அவள் கணவன் ஆன்ஸ்லினும் கல்யாணம் ஆன கையோடு கத்தாருக்குப் போனவன்.

வீடியோ எடிட்டிங் அவன் படித்த படிப்பல்ல. மகன் சாப்பிடுவதையும் அடம்பிடிப்பதையும் ஷைஜா போனில் எடுத்து அனுப்புவாள். அவன் அங்கே தொழிலாளர் கேம்பில் கட்டிலில் படுத்தபடியே அதையெல்லாம் வெட்டி ஒட்டுவான். பையன் நடை பழகியதை அவன் பார்த்தது அப்படித்தான். அதில் கை பழகிவிட்டது.

போன வருடம் வேலையை விட்டுவிட்டு வந்தான். இனி போகமாட்டேன் என்றான். லீவில் வருகிறவர்கள் எல்லோரும் சொல்வதுதானே என்று ஷைஜா பாதிதான் நம்பினாள். அவன் கல்யாணம், ஞானஸ்நான வீடியோக்களை வீட்டிலேயே எடிட் செய்ய ஆரம்பித்தான். சாப்பாட்டு மேசை கம்ப்யூட்டர் மேசை ஆனது. அதற்கு அவள் முணுமுணுக்காமல் இல்லை. ஆனாலும் அடுக்களையில் இருந்து பார்த்தால் அவன் முதுகு தெரிந்தது. அவளுக்கு அது பிடித்திருந்தது.

கம்ப்யூட்டரில் இடம் தீர்ந்தது. தக்கலையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஜெபிஷோடு, எந்த டிஸ்க் வாங்குவது என்று ஆன்ஸ்லினுக்குப் போனில் ஒரே இழுபறி. மீன் வெட்டிக்கொண்டிருந்த ஷைஜாவின் காதில் அவன் பேசுவது விழுந்தது.

"உள்ள வைக்கிய டிஸ்க்குன்னா ஸ்பீடு உண்டு. மூணு கேமரா வீடியோவ ஒண்ணா ஓட்டினாலும் தெணறாது, செரி. ஆனா வெளிய போனா கையில கொண்டு போவாண்டாமா மக்கா? கம்ப்யூட்டரத் தூக்கிட்டா போவேன்?"

அதற்குமேல் அவள் காதில் எதுவும் விழவில்லை. போகத்தான் போகிறான். கேட்டுவிடலாம். ஆமாம் என்று சொல்லிவிட்டால்? அந்தப் பயத்தில் கேட்கவில்லை. சமையல்தான் கெட்டது.

"ஏட்டி, கொழம்புல உப்பே இல்லியே."

"அங்க போய் உப்பு போட்டுத் தின்னுங்க."

"எங்க?"

"எங்கிட்ட டிக்கெட் எப்பமுன்னு சொல்லாண்டாம். ஜெபிஷுகிட்ட மட்டும் வெளிய போறேன்னு சொல்லுங்க."

ஆன்ஸ்லினுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு சிரித்தான். "வெளியன்னா இந்தா பக்கத்துல கொளச்சல். கல்யாணப் பொண்ணு வீட்டுல வீடியோவக் கொண்டு போட்டுக் காட்டாண்டாமா?"

அவள் சிரிக்கவில்லை. "அப்பம் உள்ள வைக்கியதையே வாங்குங்க."

"ஒண்ணுல மட்டும் வச்சா, அது கேடானா ஒருத்தருக்கக் கல்யாணமே போச்சு. எடிட் பண்ண உள்ள ஒண்ணு, காப்பி வைக்க வெளிய ஒண்ணு. ரெண்டும் வேணும்."

மறுநாள் இரண்டையும் வாங்கி வந்தான். உள்ளே வைப்பதை கம்ப்யூட்டரைத் திறந்து பொருத்தினான். ஷைஜா பக்கத்திலேயே நின்றாள். "ஸ்குரூவ நல்லா முறுக்கியாச்சா?" என்று கேட்டாள். பிறகும் ஒருமுறை கேட்டாள். வெளியே வைப்பது சோப்புக்கட்டி அளவுதான் இருந்தது. அவன் அந்தக் கொளச்சல் கல்யாண வீடியோவை அதில் காப்பி எடுத்து முடித்ததும், அவள் வயரைச் சுற்றி அதைக் கொண்டுபோனாள். பீரோவைத் திறந்து அவனுடைய பாஸ்போர்ட்டின் மேல் வைத்துப் பூட்டினாள்.

"அது அடிக்கடி வேணுமே," என்றான்.

"வேணும்போ கேளுங்க, எடுத்துத் தாறேன்," என்று சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "டிஸ்க்க மட்டும்."