உயிரோடிருந்தவனுக்குப் போட்ட மாலை

அந்தப் படத்தில் கடலே இல்லை. எங்கு பார்த்தாலும் வெள்ளை. அதன் நடுவில் பெரிய கப்பல் ஒன்று, மணலில் இழுத்துப் போட்ட வள்ளம் மாதிரி அசையாமல் நின்றது. என் மகன் அனுப்பிய படம். மருமகள் போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். சந்தைக்குப் புறப்பட்ட நான் மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தேன்.

என் கணவரைக் கடல் கொண்டுபோயிற்று. அதனால் மகனை வலை தொட விடாமல் படிக்க வைத்தேன். அவனோ வடக்கே பனிக்கடலைப் பார்க்கப் போகும் வெள்ளைக்காரர்களின் கப்பலில் படுக்கை விரிப்பு வெளுக்கிற வேலைக்குப் போனான். கட்டியதும் அருமனைக்காரியை. ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள்; எங்கள் இனயத்தில் அலைச் சத்தம் கேட்டால் தலை வலிக்கிறது என்பாள். அந்த ஒரு சொல்லுக்காகவே எனக்கு அவளைப் பிடிக்காமல் போயிற்று.

படம் வந்த அன்றைக்கே பேசவும் செய்தான். காற்று மாறிவிட்டதாம். பனிப்பாளங்கள் நாலு பக்கமும் நெருக்கி, முன்னேயும் போக முடியவில்லை, பின்னேயும் வர முடியவில்லையாம். எங்கள் ஊரில் நாள்கணக்கில் கடலிலேயே கிடக்கும் தங்குகடல் படகு, மீனுக்கு ஏற்றிய ஐஸ் தீர்ந்தால் கரைக்குத் திரும்பியாக வேண்டும். அந்தக் கணக்கில், “ஐஸ் எத்தன நாளுக்கு எடுத்திருக்கு மக்கா?” என்று கேட்டேன்.

அவன் சிரித்தான். “எம்மா, இஞ்ச ஐஸ் எடுக்கண்டாம். ஐஸ்தான் எங்கள எடுத்து வச்சிருக்கு. கரடி காட்டலேன்னு வெள்ளக்கார சாயிப்புமாரு சண்ட போடுதாவ.”

அதோடு போன் அறுந்தது. பிறகு பேச்சே இல்லை. அங்கே புயல் என்று டிவியில் சொன்னார்கள்.

நாலாம் நாள் கம்பெனியிலிருந்து இங்கிலீஷில் ஒரு செய்தி வந்தது. எல்லோரும் பத்திரம், புயலில் சிக்னல்தான் இல்லை என்று மருமகள் படித்துச் சொன்னாள். எனக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும். ஆனால் எழுத்து என்ன செய்யும் என்று தெரியும். என் கணவர் போனபோதும், வேறொரு துறைமுகத்தில் கரை சேர்ந்துவிட்டார் என்று ஒரு காகிதம் கொண்டுவந்து தந்தார்கள். பதினோரு மாதம் நான் பூ வைத்துக்கொண்டு தெருவில் நடந்தேன். முதுகுக்குப் பின்னால் ஊர் சிரித்தது. இன்னொரு தரம் ஊர் சிரிக்க விடமாட்டேன் என்று அன்றைக்கு முடிவு செய்தவள் நான்.

எங்கள் வீட்டு வழக்கம், காற்றடித்த பிறகு கடலில் போனவனுக்காக ஏழு நாள் பார்ப்பது. எட்டாம் நாள் நான் தெருப் பெண்களைக் கூப்பிட்டேன். மகனின் படத்தை அவன் அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டி மாலை போட்டேன். மருமகள் சுவரோடு ஒட்டி நின்றாள்.

“மாமி, அவரு உயிரோட இருக்காரு. எழுத்து வந்திருக்கில்லா?”

“எழுத்து எனக்கும் வந்திச்சு. தலமாட்டுல வச்சிட்டுக் கெடந்தேன். ரப்பர் மரத்துல கத்தி போட்டா பாலு வரும் ஏட்டி. கடலுல போனவன் வரமாட்டான்.”

“மாமி, ஒரு நாளு பொறுங்க. ஒத்த நாளு.”

பொறுக்கவில்லை. இரண்டு பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். தாலியை நான்தான் கழற்றினேன். கொக்கி முடியில் சிக்கியது. இழுத்தேன். அவள் அழவில்லை. அழாததற்கும் சேர்த்துத் திட்டினேன்.

பதினோராம் நாள் காலையில் மகன் கூப்பிட்டான், முகம் பார்த்துப் பேசுகிற போனில். பனி விலகி, வேறு கப்பல் வந்து வழி திறந்துவிட்டதாம். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டிக் கிடந்தான். மருமகள் போனைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள்.

அவன் படத்தைப் பார்த்தான். பிறகு, “எம்மா, அந்த மாலைக்குள்ள இருக்கது ஆரு?” என்றான்.

போன் மறுபடி திரும்பியபோது அவள் வெறும் கழுத்தையும் பார்த்திருப்பான்.

தப்பு என்று ஒரு வார்த்தை அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். “கடல்காரி செய்யவேண்டியதச் செஞ்சேன்” என்றுதான் வாயில் வந்தது. மருமகள் அன்று மத்தியானமே அருமனைக்குப் போய்விட்டாள். இரண்டு மாதம் கழித்து மகன் இரணியலில் ரயில் இறங்கி, இங்கே வராமல் நேராக அருமனைக்குப் போனான். பக்கத்து வீட்டு மதினி அருமனை வரை போய்க் கூப்பிட்டுப் பார்த்தாள். திரும்பி வந்து சொல்லத் தயங்கினாள். சொல்லு என்று அதட்டினேன்.

“அம்ம சொன்னா சரியாத்தான் இருக்கும்னு சொல்லச் சொன்னான் மதினி. இனயத்துல அவன் செத்தாச்சாம்.”

இப்போது அங்கே ஒரு பேத்தி நடக்கிறாளாம். நான் பார்த்ததில்லை. என் செலவுக்கு மாதம் தவறாமல் அனுப்புகிறான், குரல் மட்டும் அனுப்புவதில்லை. கல்லறைத் திருநாளுக்கு ஆண்டுதோறும் மதினி கையில் இரண்டு மெழுகுதிரி கொடுத்துவிடுகிறான். ஒன்று அவன் அப்பாவுக்கு. மற்றது யாருக்கு என்று அவன் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

அப்பாவுக்கானதை, கல்லறைத் தோட்டத்தில் உடல் இல்லாமல் நட்ட அவர் சிலுவையடியில் ஏற்றுகிறேன். மற்றதை வீட்டுக்குக் கொண்டுவந்து பெட்டியில் வைக்கிறேன். சாயங்காலம் கரண்டு போனால் மதினி சுவருக்கு அப்பாலிருந்து, “மெழுகுதிரி இருக்குமே மதினி, கொளுத்தப்பிடாதா?” என்று கேட்பாள். இல்லை என்று சொல்லிவிட்டு இருட்டிலேயே உட்கார்ந்திருப்பேன்.