குறட்டைக்குப் பார்த்த வைத்தியம்

சங்ககிரியில் ஒரு லாரி செட்டில் பன்னிரண்டு வருஷம் டிரைவராக இருந்தேன். என் குறட்டை அங்கே பிரசித்தம். "அவனுக்கென்ன, குடுத்து வெச்சவன். கட்டையச் சாச்சாத் தூங்கிருவான்" என்பார்கள். எனக்கும் அதில் ஒரு பெருமை. ஆனால் எவ்வளவு தூங்கினாலும் எழும்போது உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். டிரைவர் பொழப்பே அப்படித்தான் என்று இருந்துவிட்டேன்.

என் மனைவிதான் முதலில் சொன்னாள். "ஏனுங்க, தூக்கத்துல உங்களுக்கு மூச்சே நின்னு போகுதுங்க. அப்புறம் திடுக்குனு இழுக்கறீங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க."

"மூச்சு நின்னவன் எப்படி உன்றகிட்டப் பேசிட்டிருக்கறேன்?" என்று கத்தினேன். அதோடு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஒருநாள் பட்டப்பகலில், சுங்கச்சாவடி வரிசையில், ஸ்டீயரிங் மேலேயே தூங்கிவிட்டேன். பிரேக்கிலிருந்து கால் நழுவி, வண்டி உருண்டுபோய் முன்னால் நின்ற காரை முட்டியது. யாருக்கும் அடியில்லை. காரின் பின்சீட்டில் ஒரு அம்மா இருந்தாள். குழந்தையை இறுக்கிக்கொண்டு என்னையே பார்த்தாள். அந்த வாரமே மனைவியைக் கூட்டிக்கொண்டு சேலத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

உடம்பெல்லாம் ஒயர் ஒட்டித் தூங்கவைத்துப் பார்த்தார்கள். டாக்டர் சொன்னார்: "நீங்க தூங்கறப்போ தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப் போற வழிய அடைச்சுக்குது. ரத்தத்துல ஆக்சிஜன் குறையுது. உடனே மூளை உங்கள எழுப்பி விடுது. விடிய விடிய இதேதான் நடக்குது. உங்களுக்குத் தெரியல, அவ்வளவுதான்."

மூக்கில் மாட்டும் முகமூடியும், அதற்குக் காற்று ஊதும் சின்ன மெஷினும் வாங்கினோம். முதல் வாரம் பிய்த்து எறியலாம் போலிருந்தது. பழகிய பிறகு ஒரு காலையில் எழுந்தபோது தலை பாரமில்லை, கண் எரியவில்லை. தூக்கம் என்றால் இதுதான் என்று நாற்பத்தாறு வயதில் தெரிந்துகொண்டேன். இத்தனை வருஷம் எத்தனை பேர் உயிர்மேல் வண்டி ஓட்டியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

லாரியில் படுக்கும்போதும் அதை மாட்ட வேண்டும். அதனால் மொதலாளியிடம் மறைக்காமல் சொல்லி, கேபினில் ஒரு கரண்ட் பாயிண்ட் கேட்டேன். இனி வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் எழுதித் தந்த சீட்டை நீட்டினேன். அவர் அதைப் பிரிக்கவே இல்லை.

"கொழாய் மாட்டிட்டுப் படுக்கறவன நம்பி எப்படி சாமி வண்டியக் குடுக்கறது? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"ஆகறதா இருந்தா இத்தன வருசத்துல ஆயிருக்கோணுமுங்க. இப்பத்தானுங்க நல்லாயிருக்கறேன்."

"அப்ப எனக்குத் தெரியாது. இப்பத் தெரிஞ்சு போச்சே."

சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன். மற்ற செட்டுகளுக்கு எனக்கு முன்னாலேயே விஷயம் போய்ச் சேர்ந்திருந்தது. இப்போது ஆத்தூரில் ஒரு ஜவ்வரிசி ஆலையில், மற்றவர்கள் ஓட்டிவரும் லாரிகளில் மூட்டை ஏற்றுவதைப் பார்த்துக்கொள்கிறேன். நன்றாகத்தான் தூங்குகிறேன்.

போன மாதம் லோடு ஏற்ற வந்த பழைய செட்டு டிரைவர் ஒருவன் என்னை ஓரமாகக் கூப்பிட்டான். "அண்ணா, பகல்லயே கண்ணு சொக்குதுங்ணா. தூக்கத்துல மூச்சு நிக்குதுன்னு ஊட்டுல சொல்றா. நீங்க எந்த டாக்டர்கிட்டப் போனீங்க?"

விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். "கண்டிப்பாப் போய்ப் பாரு. செட்டுல மட்டும் மூச்சு உட்றாத" என்றேன்.

தலையாட்டிவிட்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டே அவன் வண்டியில் ஏறினான்.