ஒர்தான்ஸின் மேல்சரிவு

பனிச்சரிவில் அம்புருவாஸ் செத்தபிறகு, அவன் மனைவி ஒர்தான்ஸ் தனியாளாகத்தான் புல் அறுத்தாள். கீழ்வயல்களை முடித்து மேல்சரிவுக்கு ஏறும்போது ஆகஸ்ட் கடைசி ஆகிவிடும். அதற்குள் அங்கே நீலமுள் என்ற முட்பூச்செடி பூத்து, விதைத்து, விறைத்து நிற்கும். எங்கள் ஊரில் மற்றவர்கள் ஜூலையிலேயே அறுத்துவிடுவோம். எங்கள் சரிவுகளில் அந்தப் பூ எப்போதோ அற்றுப்போயிருந்தது.

அவள் கொழுந்தன் மர்சேலின் ஊர் நடுவே நின்று சொல்வான்: "அண்ணி வளர்க்கிறது மாடில்ல, கழுதை. இல்லாட்டி இந்த முள்ள எது திங்கும்?" நாங்கள் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன்.

பிறகு நகரத்திலிருந்து தாவர ஆய்வாளர்கள் வந்தார்கள். இவ்வளவு நீலமுள் வேறெங்கும் பார்த்ததில்லை என்று மேல்சரிவில் மண்டியிட்டுப் படம் எடுத்தார்கள். அப்போது மர்சேலின் மேயராகியிருந்தான். பூவைக் காக்கத்தான் தங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகத் தாமதமாக அறுக்கிறது என்று அவர்களிடம் சொன்னான். பூவைப் பறிக்கக் கூடாது என்று பாதையோரம் பலகை நட்டார்கள். அதில் பூவைக் காத்தவன் என்று அவன் பெயர் இருந்தது. ஒர்தான்ஸ் அதைப் படித்துவிட்டு அரிவாளைத் தூக்கிக்கொண்டு ஏறினாள்.

வருடாவருடம் கணவன் கல்லறைக்கு மேல்சரிவிலிருந்து மூன்று நீலமுள் பூ கொண்டுபோவாள். அந்த வருடம் கல்லறைத் தோட்டத்து வாசலில் பூக்காவலுக்குப் புதிதாக வந்த காவலர் மறித்தார். என் நிலத்துப் பூ என்றாள்.

"நிலம் உங்களுதுதாம்மா. பூ உங்களுது இல்ல."

அவள் மர்சேலினைப் பார்த்தாள். அவன் பக்கத்திலேயே நின்றிருந்தான்.

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே, அண்ணி," என்றான்.

பூவையும் பிடுங்கிக்கொண்டு அபராதமும் எழுதினார்கள். வெறுங்கையோடு கல்லறைக்குப் போனாள்.

அதன்பின் அவள் மேலே ஏறவில்லை. மாடுகளை விற்றாள். ஐந்தாறு கோடையில் சரிவெங்கும் புதர் மண்டியது, பூ அருகியது. பூ ஏன் குறைகிறது என்று ஆய்வாளர்கள் கடிதம் எழுதிய பிறகு மர்சேலின் அவள் வீட்டுக்கு வந்தான். எப்போது, எப்படி அறுப்பது என்று கேட்டான்.

"ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே, தம்பி. நான்தான் சோம்பேறி, கடைசியா அறுப்பேன்," என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவன் ஆள்விட்டு, ஊர் வழக்கப்படி இயந்திரத்தால் ஜூலையிலேயே அறுத்தான். பூ விதைக்கும் முன்பே புல்லோடு விழுந்தது.

மறுவருடம் அவள் சமையலறையில் உட்கார்ந்திருந்தபோது, மேலே எவ்வளவு மிச்சம் என்று என்னைக் கேட்டாள். பத்துப் பதினைந்து இருக்கும் என்றேன். தலையாட்டிவிட்டு உருளைக்கிழங்குத் தோலைச் சீவினாள். மேல்சரிவு தெரியும் மலைப்பக்கத்து ஜன்னலுக்கு அவள் முன்பே பலகை அடித்திருந்தாள்.