அறுநூற்றுப் பதினான்காம் ஆட்டக்காரர்

இத்வால் பெய்னன் எங்கள் வெல்ஷ் சுரங்க ஊரான கூம் ஹெலிக்கின் மைதானத்து வாசலுக்குள் நுழைந்த ஒரு நாள் 1959 மார்ச் 7, சனிக்கிழமை. அதற்கு அடுத்தபடியாக அவன் நுழைந்தது 2003 மே 10, அதுவும் சனிக்கிழமை. நடுவில் நாற்பத்து நான்கு வருடம், இரண்டு மாதம், மூன்று நாள். இரண்டு தடவையும் நான் வாசலில் நின்று ஆள் எண்ணிக்கொண்டிருந்தேன். அதனால் இதை நான்தான் எழுத வேண்டியிருக்கிறது.

அவன் பிறந்தது 1937. ரயில் பாதைக்கு மேலே மூன்றாவது வரிசையில், கடைசிக்கு முந்தின வீடு. பள்ளியில் எனக்கு ஒரு வகுப்பு முன்னால் இருந்தான். பதினைந்து வயதில் சுரங்கத்துக்குள் போய் மின் வேலை கற்றுக்கொண்டான். தலைமுடி செம்பு நிறம். எங்கள் பதினைந்து பேர் ரக்பி அணியில் இடது ஓரத்தில் ஓடுவான். ஆட்டம் தொடங்குமுன் சட்டையின் இடது கையை மட்டும் முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொள்வான். வலது கை அப்படியே இருக்கும். 1957-58 பருவத்தில் இருபத்து மூன்று ட்ரை எடுத்தான். பந்தைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் ஊன்றினால் அது ஒரு ட்ரை. இருபத்து மூன்று என்பது எங்கள் கழகத்தில் இன்றைக்கும் முறியாத கணக்கு. மன்றத்துச் சுவரில் இருக்கும் மரப் பலகையில் அவன் பெயரைப் பொன் எழுத்தில் எழுதினார்கள்.

அந்தக் காலத்தில் பதினைந்து பேர் ஆட்டத்துக்குக் கூலி கிடையாது. வடக்கே இங்கிலாந்துப் பஞ்சாலை ஊர்களில் ஆடிய பதின்மூன்று பேர் ரக்பி ஆட்டத்துக்குக் கூலி உண்டு. வடக்கே போய் ஒரே ஒரு தடவை அதை ஆடிப்பார்த்தாலும் ஆயுள் தடை. திரும்ப ஆட முடியாது, மைதானத்துக்குள் நுழைய முடியாது, மன்றத்தில் ஒரு கோப்பை பியர்கூட வாங்க முடியாது. அதனால் அவர்கள் ஆள் எடுக்க வைக்கும் சோதனை ஆட்டத்துக்குப் போகிறவன் சொந்தப் பெயரைக் கொடுக்க மாட்டான். அங்கேயும் கேட்க மாட்டார்கள். பத்திரிகையில் அவன் இடத்தில் ‘பெயர் குறிப்பிடாதவர்’ என்று போடுவார்கள்.

1959 மார்ச் 14 அன்று இத்வால் ஆட வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பியிருந்தான். அப்போது எனக்கு இருபது வயது, துணைச் செயலாளர் வேலை. கழகப் பதிவேட்டின் வராதவர் பத்தியில் அவன் பெயருக்கு நேரே ‘காய்ச்சல்’ என்று எழுதினேன். திங்கட்கிழமை மாலை, தொழிலாளர் மன்ற வாசகசாலையில் வடக்கத்திப் பத்திரிகை ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஆல்டர்ஷா என்ற ஊரின் ஆட்டச் செய்தி இருந்தது. எண் 5, பெயர் குறிப்பிடாதவர். முப்பத்தோராவது நிமிடத்தில் ஒரு ட்ரை. ‘இடது கைச் சட்டையை மட்டும் சுருட்டிக்கொண்டு ஓடிய செம்பட்டை முடி இளைஞர், இரண்டாம் பாதியில் பந்தை இருமுறை நழுவவிட்டார்.’

வீட்டுக்கு வந்து பதிவேட்டை எடுத்தேன். ‘காய்ச்சல்’ என்பதைக் கோடு போட்டு அடித்தேன். ‘ஆல்டர்ஷாவில் பதின்மூன்று பேர் ஆட்டம், எண் 5, ஒரு ட்ரை, 31-வது நிமிடம்’ என்று அதன் மேல் எழுதினேன். யாரையும் காட்டிக்கொடுக்கும் எண்ணம் எனக்கு அப்போது இல்லை. ஒரு பத்தியில் தவறான தகவல் இருந்தது, திருத்தினேன், அவ்வளவுதான். புதன்கிழமை நிர்வாகக் குழுவில் தலைவர் அந்தப் பக்கத்தை உரக்கப் படித்தார். அன்றே ஆயுள் தடைத் தீர்மானம். கடிதத்தை எழுதச் சொன்னதும் என்னைத்தான்.

ஆல்டர்ஷாக்காரர்கள் அவனை எடுத்துக்கொள்ளவும் இல்லை. எழுதுகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். எழுதவில்லை.

மார்ச் 21, சனிக்கிழமை. இத்வால் ஆடுவதற்கு இல்லை, பார்ப்பதற்கு வந்தான். வாசல்காரர் அவனுடைய அப்பா டேவிட் பெய்னன். பழுப்பு நிறக் கோட்டு, கழுத்தில் துண்டு. நான் ஆறடி தள்ளி நின்றேன்.

“லெட்டர் வந்துச்சா?” என்று கேட்டார்.

“வந்துச்சுப்பா.”

“அப்ப தெரியும்ல.”

கையை வாசலுக்குக் குறுக்கே நீட்டினார். இத்வால் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். பின்னால் வரிசையில் நின்றவர்களை உள்ளே விட அவர் கையை எடுத்தார். அன்று வந்தவர்கள் 418.

அப்பாவும் மகனும் அதற்குப் பிறகு பதினைந்து வருடம் ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். அந்தக் கையைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை என்று இத்வாலின் மனைவி மையர் ஒருதடவை என்னிடம் சொன்னாள். அந்த வீட்டில் உப்பு கேட்பதுகூட அவள் வழியாகத்தானாம். 1974-இல் பெரியவர் இறந்தார். இறப்பதற்கு முந்தின சனிக்கிழமை வரை வாசலில் நின்றார்.

பலகையில் இத்வால் பெயர் மேல் பழுப்புச் சாயம் பூசினார்கள். ஒரே பூச்சுதான். மாலை வெயில் மேற்கு ஜன்னல் வழியாகச் சாய்ந்து விழும்போது சாயத்துக்கு அடியில் எழுத்துகள் புடைத்துத் தெரியும். புதிதாக வந்தவர்கள் விரலால் தடவிப் பார்த்து, “இது யாரு?” என்பார்கள். பழையவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

ஆனால் ஆட்டம் பார்ப்பதை அவன் விடவில்லை. மைதானத்துக்கு வடக்கே மலைச்சரிவில் ஆடு அடைக்கும் கல்சுவர் ஒன்று உண்டு. ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தச் சுவரோரம் நின்றான். மழையிலும் நின்றான், பனியிலும் நின்றான். கீழே இருந்து பார்த்தால் முகம் தெரியாது, ஒரு கறுப்புக் கோடு மட்டும் தெரியும். வெளியூர் அணிக்காரர்கள் கேட்பார்கள், “அங்க யாருப்பா நிக்கிறது?”

“அதுவா? எங்க ஊர்ப் பேய். மழைக்கு லீவு கேக்காது” என்பார்கள் எங்கள் பையன்கள்.

சிரிப்பார்கள். ஆனால் தண்டனை உதை எடுக்கும்போது யாரும் அந்தப் பக்கம் பார்க்க மாட்டார்கள். பார்த்தால் பந்து விலகிப் போகும் என்று ஒரு நம்பிக்கை. நான் அவனை எண்ணிக்கையில் சேர்த்ததில்லை. வாசல் வழியாக உள்ளே வந்தவர்களை மட்டும்தான் எண்ணுவது.

1995-இல் தடை நீங்கியது. அவனுக்கு யாரும் எழுதவில்லை. செயலாளர் அப்போது நான்தான். எழுதச் சொல்லி எந்தத் தீர்மானமும் இல்லை.

2002 நவம்பரில் என் தங்கை மகன் ரோட்ரி, குழாய் வேலை பார்ப்பவன், எங்கள் ஊரில் பதின்மூன்று பேர் ஆட்டத்துக்குப் புதுக் கழகம் ஒன்று தொடங்கினான். முதல் பயிற்சிக்கு வந்தவர்கள் பதினொருவர். அதில் ஒருவர் கொதிகலன் எப்போது சரியாகும் என்று கேட்க வந்தவர். ‘செம்பருந்துகள்’ என்று பெயர் வைத்தார்கள். “செத்த ஆட்டைத் தின்னுற பறவைதானே? உங்க ஆட்டத்துக்கு ரொம்பப் பொருத்தம்” என்றார் கறிக்கடைக்காரர். கோடைக்கு மட்டும் மைதானத்தைக் கொடுக்கலாம் என்று பழைய கழகம் ஏழுக்கு ஆறு என்ற வாக்கில் முடிவு செய்தது. நான் ஓய்வுபெற்றிருந்தேன், புதுக் கழகத்தின் பதிவுகளைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டேன். கறிக்கடையில் சில வாரம் எனக்குக் கொழுப்பாகவே வெட்டித் தந்தார்கள்.

புதுக் கழகம் முதல் ஆட்டம் ஆடும்போது, அந்த ஆட்டத்தை முன்பு ஆடிய ஒருவர் உடை மாற்றும் அறைக்கு வந்து ஒவ்வொருவர் கையிலும் சட்டையைக் கொடுக்க வேண்டும் என்று ரோட்ரி ஆசைப்பட்டான். எங்கள் பள்ளத்தாக்கில் அதை ஆடியவர்களில் உயிரோடு இருந்தது ஒரே ஒருவன். பிப்ரவரியில், எங்கள் மைதானத்தில் ஆட்டம் இல்லாத ஒரு சனிக்கிழமை, அவன் நிற்கும் கல்சுவருக்கு இருவரும் மலை ஏறினோம். எனக்கு ஐம்பது நிமிடம் பிடித்தது.

“மிஸ்டர் பெய்னன், நீங்க வந்து எங்க பசங்களுக்குச் சட்டை கொடுக்கணும்” என்றான் ரோட்ரி.

இத்வால் என்னைப் பார்த்துச் சொன்னான். “நான் எந்த ஆட்டத்தைடா ஆடினேன்? ஆல்டர்ஷா புஸ்தகத்துல என் பேரு இருக்கா?”

“இல்ல.”

“இங்க என் பேர்ல தண்டனை இருக்கு. அங்க ஆட்டம் எவனோ பேரில்லாதவன் ஆடினதா இருக்கு. ஆடாத ஆளு எப்படி வந்து சட்டை கொடுப்பான்? என் பேரை எழுதச் சொல்லு. வர்றேன்.”

“அந்த வாசல் வழியாத்தான் வரணும்” என்றேன்.

அவன் கீழே பார்த்தான். “அதுல இன்னும் அவர் நிக்கிறாருடா. இங்கேருந்து எனக்குத் தெரியுது. உனக்குத் தெரியலையா?”

வாசலில் யாரும் இல்லை. சங்கிலி மாட்டியிருந்தது.

ஆல்டர்ஷா கழகத்தில் முதல் ஆட்ட வரிசைப்படி ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு மரபு எண் உண்டு. ஒருவருக்குக் கொடுத்த எண்ணை இன்னொருவருக்குக் கொடுப்பதில்லை. அந்தப் பட்டியலை வைத்திருந்தவர் என்ட்விசில் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியர். நான் எழுதினேன். ஒரே வரியில் பதில் வந்தது: ‘அந்த வாரமே எழுதப்பட்ட ஆதாரம் இருந்தால் அனுப்பவும்.’ அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

அந்த வாரம் எழுதப்பட்ட ஆதாரம் எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது என் அலமாரியில் இருந்தது.

அவனைக் கேட்காமல் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. மார்ச் 5, பிற்பகல் மூன்று மணிக்குப் பதிவேட்டை எண்ணெய்த் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். சமையலறை மேசையில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தான். அடித்த ‘காய்ச்சல்’ என்ற சொல்லின் மேல் விரலை வைத்தான்.

“இதை எழுதினது நான்தான்” என்றேன்.

“தெரியும்டா. எனக்கு வந்த லெட்டரும் இதே கையெழுத்துதானே. இழுப்பறையில இருக்கு, வேணுமா?”

“நாப்பத்து நாலு வருஷமா ஏன் ஒரு வார்த்தை கேக்கல?”

“என்னத்தைக் கேக்க? பொய் எழுதியிருந்தா வந்து பல்லை உடைச்சிருப்பேன். நீ ஒரு பொய்யும் எழுதல. நிமிஷம்கூட சரியா இருக்கு.” டீயை என் பக்கம் தள்ளினான். “குடி, ஆறுது. இவ்வளவு சரியா எழுதினவன், நான் ஏன் பொய் சொன்னேன்னு ஒரு வரி சேத்திருக்கலாம். அதுக்குப் பத்தி இல்லையோ?”

இல்லை. அந்தப் பதிவேட்டில் அதற்குப் பத்தி இல்லை.

“அனுப்பட்டுமா?”

“அனுப்பு. என்னை வெளிய தள்ளின காயிதம்தான் நான் ஆடினதுக்குச் சாட்சின்னா, அது என்ன செய்யுதுன்னு பார்ப்போம்.”

ஏப்ரல் 22 அன்று என்ட்விசிலின் பதில் வந்தது. பட்டியலைத் தொகுத்தபோது 614-க்கு எதிரே கேள்விக்குறி போட்டு வைத்திருந்ததாகவும், அதை அழித்து ‘இத்வால் பெய்னன், கூம் ஹெலிக்’ என்று மையால் எழுதிவிட்டதாகவும் இருந்தது. எழுதிய பக்கத்தின் நகலையும் வைத்திருந்தார். இத்வால் அந்த நகலை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

மே 10. ஆட்டம் இரண்டரை மணிக்கு. ஒரு மணி நாற்பது நிமிடத்துக்கு அவன் சாலை வழியாக வந்தான். கறுப்புக் கோட்டு, துடைத்த காலணி. நான் வாசலில் எண்ணும் கருவியோடு நின்றேன். வாசல் திறந்தே இருந்தது. அதற்கு இரண்டடி முன்னால் வந்து நின்றுவிட்டான். பின்னால் ஆட்கள் சேர்ந்தார்கள். யாரோ, “என்ன தாத்தா, வழி மறந்துபோச்சா?” என்றார். இன்னொருவர் அவர் தோளைத் தொட்டு அடக்கினார்.

நான்கு நிமிடம் நின்றான். பார்வை என் மேல் இல்லை. எனக்கு இடப்பக்கம், வாசல் தூணுக்குப் பக்கத்தில், பெரியவர் வழக்கமாக நிற்கும் இடத்தில் இருந்தது. மே மாத வெயிலிலும் அந்தப் பக்கத்துத் தோள் எனக்குக் குளிர்ந்தது. இதை எழுதலாமா என்று யோசித்தேன். நடந்தது, அதனால் எழுதுகிறேன்.

இத்வால் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் பிரித்து அந்தத் தூணுக்கு நேரே நீட்டினான். தன் வீட்டில் பேசிய வெல்ஷ் மொழியில், தாழ்ந்த குரலில் சொன்னான்:

“அப்பா, எழுதிட்டாங்க. கையை எடுங்க.”

பிறகு உள்ளே வந்தான். நான் கருவியை அழுத்தினேன். எண் 97.

உடை மாற்றும் அறையில், மாற்று ஆட்டக்காரர் நால்வரையும் சேர்த்துப் பதினேழு சட்டைகளையும் ஒவ்வொன்றாகக் கொடுத்தான். ஐந்தாம் எண்ணை மட்டும் சற்று நேரம் கையில் வைத்திருந்தான். அதை வாங்க நின்றவன் கூரை வேலை செய்யும் ஆள், இருபத்தாறு வயது. “இடது கையைச் சுருட்டிக்க” என்றான் அவனிடம். “ஏன் சார்?” “பந்து அந்தப் பக்கம்தான் வரும். துணி தடுக்கும்.” அந்தச் சுருட்டலுக்குக் காரணம் இருந்தது என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

செம்பருந்துகள் 18-46 என்று தோற்றார்கள். இத்வால் என் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து, முழங்காலில் கை வைத்தபடி பார்த்தான். ஐம்பத்தெட்டாவது நிமிடத்தில் கூரைக்காரன் ஒரு ட்ரை எடுத்தான். எல்லோரும் எழுந்தார்கள். இத்வால் மட்டும் எழவில்லை, கையும் தட்டவில்லை. மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எத்தனை பேருடா இன்னிக்கு?”

“இருநூத்துப் பன்னெண்டு.”

“அங்க நிக்கிறானே, அவனைச் சேத்தியா?”

திரும்பிப் பார்த்தேன். தூரப்பார்வை எனக்கு இன்றும் நன்றாக இருக்கிறது. கல்சுவர் இருந்தது, நான்கு ஆடுகள் இருந்தன. சுவரின் கிழக்கு முனையில் ஒரு கறுப்புக் கோடு இருந்தது.

“யாரு அது?” என்றேன்.

“இருபத்தோரு வயசுப் பையன். எறங்கி வரமாட்டான். நான் கூப்பிட்டுப் பாத்துட்டேன்.”

இத்வால் அடுத்த பிப்ரவரியில் இறந்தான். அதுவரை ஒன்பது ஆட்டங்களுக்கு வாசல் வழியாக வந்தான், ஒன்பதையும் குறித்திருக்கிறேன். மே 10 பதிவில் பார்வையாளர் எண்ணிக்கை மையால் 212 என்று இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் பென்சிலால் ‘+1’ என்று எழுதினேன். நாற்பத்தைந்து வருடத்தில் நான் பென்சிலால் எழுதியது அது ஒன்றுதான். இதுவரை அழிக்கவில்லை.