ஷரீபா மேடமும் மூன்றாம் நம்பர் மெம்பிரேனும்

ஷரீபா மேடம் இறந்துவிட்டார் என்று போன் வந்தபோது, கழுவும் அறையில், மருந்து வடிகட்டும் மூன்றாம் நம்பர் மெம்பிரேனுக்கு அப்போதுதான் அழுக்கெடுக்கும் காரத் தண்ணீர் விட்டிருந்தேன். பேசியது கூனிமேட்டிலிருந்து அவருடைய நாத்தனார். "விடியக்காலம் நெஞ்சு வலின்னாங்க. ஆஸ்பத்திரி போற வழியிலேயே மௌத்தாயிட்டாங்க. மத்தியானம் லுஹர் தொழுகைக்கு எடுத்துடுவாங்க. முகத்தப் பாக்கணும்னா சீக்கிரம் வந்துடுங்க அஞ்சலக்கா."

மேனேஜர் சார் நல்லபடியாகத்தான் சொன்னார். "போயிட்டு வாங்கம்மா. போனா ஒரு மெம்பிரேன்தானே." அந்த ஷிப்டில் அந்தக் கழுவும் வேலை தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் இறந்துபோனவர். காரம் ஓட வேண்டும், பிறகு நல்ல தண்ணீர் ஓட வேண்டும், பிறகு ஊறப் போட வேண்டும். பாதியில் விட்டால் பாழ். நான் நின்றுவிட்டேன். ஏன் நின்றேன் என்று, அவரோடு இங்கே வேலை பார்த்த உங்களிடம் சொல்ல வேண்டும்.

மரக்காணம் உப்பளத்தில் வருஷக்கணக்காக உப்பு வாரி, கால் வெடிப்பு தாங்காமல் இந்தக் கம்பெனிக்கு வந்தவள் நான். ஐந்தாவது வரை படிப்பு. மேடம் வயதில் என்னைவிடச் சின்னவர், வேலையில் பெரியவர். இங்கே என்ன செய்கிறார்கள் என்று அவர்தான் எனக்குப் புரியும்படி சொன்னார். கிட்னி கெட்டுப்போனவர்கள் உடம்பில், ரத்தம் ஊறச் சொல்லும் ஹார்மோன் சரியாகச் சுரக்காது. அதை இங்கே தொட்டியில் செல்களை வளர்த்து எடுக்கிறார்கள். மெம்பிரேனில் விட்டுத் தள்ளினால் தண்ணீரும் உப்பும் அந்தப் பக்கம் போய்விடும், மருந்து இந்தப் பக்கம் நிற்கும். "உப்பத் துரத்துறதுக்கு உப்பளத்துலேருந்தே ஆள் எடுத்திருக்காங்க பாருங்கக்கா" என்று சிரித்தார்.

வந்த இரண்டாம் வாரம், "கழுவி வைங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். கழுவினேன். கழுவினதை வெயிலில் வைப்பதுதான் எனக்குத் தெரிந்த வழக்கம். உப்பளத்தில் எல்லாமே வெயில்தானே. பின்கதவோரம் வெள்ளைத் துணி விரித்து மெம்பிரேனைக் காய வைத்தேன். ஒரு தடவை காய்ந்தால் அதன் கண்ணுக்குத் தெரியாத துவாரமெல்லாம் கெட்டுவிடும் என்று நான் எதைக் கண்டேன்? மேடம் வந்து பார்த்துத் தலையில் கை வைத்தார். "அய்யோ அக்கா, கருவாடா இது?"

வேலை போய்விடும் என்று அழுதேன். "யாரு பாத்தாங்க மேடம், எடுத்துத் தண்ணியில போட்டுடலாமே" என்றும் கேட்டுவிட்டேன். அப்போது அவர் சிரிக்கவில்லை. "இந்த ஊசி போட்டுக்கறவங்களுக்கு நாம தப்பு பண்ணது தெரியவே தெரியாதுக்கா. தெரிஞ்சது நமக்கு மட்டும்தான்" என்றார்.

காய வைத்தது அஞ்சலை என்று ரிப்போர்ட்டில் எழுதினார். அதற்குக் கீழேயே, காய வைக்கக் கூடாது என்று சொல்லாமல் விட்டது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் வேலை தப்பியது. அந்த வருஷம் அவருக்கு வர வேண்டிய புரமோஷன் வரவில்லை. ஒரு நாள் நானாகக் கேட்டேன். "விடுங்கக்கா, டீ ஆறுது" என்றார். அதோடு சரி.

என் மகளுக்குப் பிரசவ வலி என்று செய்தி வந்த அன்றும் இதே மாதிரி பாதிக் கழுவலில்தான் இருந்தேன். மேடம் அன்று நோன்பு. "போங்கக்கா, நான் பாத்துக்கறேன்" என்று என்னை அனுப்பிவிட்டு, ஷிப்ட் முடிகிறவரை அந்தப் பம்ப்புப் பக்கத்திலேயே நின்றிருக்கிறார்.

இந்தத் தடவை அப்படிச் சொல்ல ஆள் இல்லை.

கடைசித் தண்ணீர் ஓடி முடிந்து, மெம்பிரேனை ஊறப் போட்டு, நேரம் எழுதிவிட்டு பஸ் பிடித்தேன். கூனிமேட்டில் இறங்கியபோது ஆண்கள் யாரும் தெருவில் இல்லை. வீட்டில் பெண்கள் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்பதான்க்கா தூக்குனாங்க. எங்கக்கா போயிட்டீங்க?"

"கழுவிட்டிருந்தேம்மா" என்றேன். அவர் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

செய்தது சரியா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மெம்பிரேன் இன்னொன்று வாங்கலாம். முகம் இன்னொரு தடவை வராது. யோசித்து யோசித்து அசந்துபோய்விட்டேன். பாதியில் விட்டுவிட்டு வர முடியாத இந்தக் குணம் உப்பளத்தில் எனக்கு இருந்ததில்லை, அவரிடமிருந்து வந்தது. அதனால்தான் அவரைக் கடைசியாகப் பார்க்காமல் போனேன். இருந்தாலும் அவருடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அதை வைத்துக்கொள்கிறேன்.